மலைச்சருகிலிருந்து இலண்டன் வரை: தென்னிந்திய, இலங்கை மலைகளின் ரோவ் வண்டுகளும் புதுச் சிற்றின விவரணையின் வரலாறும்

1. முன்னுரை

தமிழியல் ஆய்வு நெடுங்காலமாக ஏட்டையும் கல்லையும் செப்பேட்டையும் தன் மூலச் சான்றுகளாகக் கொண்டுள்ளது. தமிழ் வழங்கும் நிலத்தைப் பற்றிய எழுத்துச் சான்றுகளில் இன்னொரு வகையும் உண்டு. ஊசியில் குத்தப்பட்ட அல்லது அட்டையில் ஒட்டப்பட்ட சிறு பூச்சியின் கீழே, விரல்நகத்தளவுத் தாளில் எழுதப்பட்ட ஊர்ப்பெயர், உயரம், நாள், சேகரித்தவர் பெயர் ஆகியனவே அச்சான்று. இலண்டன் தென் கென்சிங்டனில் உள்ள இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் இழுப்பறைகளில் நீலகிரியையும் இலங்கையின் மலைநாட்டையும் குறிக்கும் இத்தகைய சீட்டுகள் ஏராளம். தமிழர் பெருந்தொகையாக வாழும் குரோய்டனிலிருந்து அவ்விடம் ஒரு மணி நேரப் பயணத்துக்குள் அடங்குவது. ஆயினும் தமிழ் ஆய்வாளர் அச்சீட்டுகளை ஆவணங்களாகக் கருதிப் படிக்கும் வழக்கம் இன்னும் வேரூன்றவில்லை.

இக்கட்டுரை ஒரே ஒரு வண்டுக் குடும்பத்தை எடுத்துக்கொள்கிறது. மலைக்காட்டுச் சருகில் வாழும் ரோவ் வண்டுகள், அதாவது ஸ்டாபிலினிடே குடும்பத்தின் புதுச் சிற்றினங்கள், 1857 முதல் இன்றுவரை எவ்வாறு விவரிக்கப்பட்டு வந்தன என்பதை அது ஆராய்கிறது. அவ்வரலாற்றினூடே மூன்று வினாக்கள் எழுகின்றன. ஒரு சிற்றினத்தை ‘விவரித்தல்’ என்பது எத்தகைய எழுத்துச் செயல்? அச்செயலுக்கான மூலச் சான்றுகள் எங்கே சிதறிக் கிடக்கின்றன? அச்செயலில் தமிழுக்கு இடம் உண்டா?

கலைச்சொல் பற்றி ஒரு குறிப்பு. தமிழ்நாட்டுப் பாடநூல்கள் பேரினம், சிற்றினம் என்பவற்றை இலங்கைப் பாடநூல்கள் முறையே சாதி, இனம் என வழங்கும். இக்கட்டுரையில் முன்னைய இணையே ஆளப்படுகிறது.

2. சருகும் வண்டும்

ரோவ் வண்டை வண்டு என்று பலர் அடையாளங் காண்பதில்லை. வண்டு என்றால் முதுகை முழுதும் மூடிய கடினமான ஓடே நம் நினைவுக்கு வரும். அவ்வோடு உண்மையில் முன்னிணைச் சிறகு. அதனை உறைச்சிறகு எனலாம். ரோவ் வண்டுகளில் உறைச்சிறகு மிகக் குட்டையானது. வயிற்றின் பெரும்பகுதி வெளியே தெரியும். உடல் நீண்டு, ஒடுங்கி, எளிதில் வளையும். சருகின் இடுக்குகளிலும் மட்கிய மரத்திலும் காளான்களிலும் சாணத்திலும் புகுந்து செல்ல இவ்வடிவம் பொருந்துகிறது. பெரும்பாலானவை வேட்டையாடிகள், சில காளானையும் மட்கையும் உண்பவை, சில எறும்புப் புற்றுகளிலும் கறையான் புற்றுகளிலும் வாழ்பவை. இக்குடும்பத்தில் இன்று பெயர் பெற்ற சிற்றினங்கள் 60,000-க்கும் மேற்பட்டவை. உயிருலகின் மிகப் பெரிய குடும்பங்களுள் இதுவும் ஒன்று.

தமிழ் மரபு சிற்றுயிர்களைப் புறக்கணித்ததில்லை. தொல்காப்பிய மரபியல் உயிர்களை அறிவின் எண்ணிக்கையால் வகுக்கும்போது கறையானையும் எறும்பையும் மூவறிவுயிராகவும், நண்டையும் தும்பியையும் நான்கறிவுயிராகவும் வைத்தது. சங்கப் பாடல்களில் வண்டு, தும்பி, சுரும்பு, ஞிமிறு என்னும் பெயர்கள் பயில்கின்றன. அவை பெரும்பாலும் பூவை நாடுபவை. ஒலியாலும் நிறத்தாலும் மனிதன் கவனத்துக்கு வந்தவை. சருகின் அடியில் நான்கைந்து மில்லிமீற்றர் நீளத்தில் ஒலியின்றி வாழும் உயிருக்குத் தனிப்பெயர் அமையாதது இயல்பே. ஆகவே இத்துறையில் பழம்பெயரைத் தேடிச் செல்வதைவிட, பெயரிடும் முறையை விளங்கிக்கொள்வதே பயனுடையது.

மலைச்சருகு ஏன் சிறப்புடையது என்பதையும் கூற வேண்டும். ஈரமும் குளிரும் நிலைத்த உயர்மலைச் சோலைக்காடுகளில் வாழும் ரோவ் வண்டுகள் பலவற்றில் பின்னிணைச் சிறகு குன்றிவிட்டது. பறக்க இயலாத உயிர் பள்ளத்தாக்கைக் கடந்து அடுத்த மலைக்குச் செல்வது அரிது. நாளடைவில் ஒவ்வொரு மலைத்தொடரும் தனக்கேயுரிய சிற்றினங்களைப் பெறுகிறது. ஒரு மலையின் சோலை அழிந்தால், வேறெங்கும் இல்லாத உயிர் ஒன்று அதனோடு அழியக்கூடும். எனவே அங்கு ஒரு சீட்டில் ‘எந்த மலை, எந்த உயரம்’ என எழுதப்பட்டிருப்பது வெறும் முகவரி அன்று. அவ்வுயிரின் வரலாற்றில் பாதி அதுவே.

3. காபித் தோட்டங்களின் காலம்: இலங்கை மலைநாடு

இலங்கையின் மலைநாட்டுக் காடுகள் காபிக்காக வெட்டப்பட்ட காலமும், அக்காடுகளின் வண்டுகள் ஐரோப்பாவில் பெயர்பெற்ற காலமும் ஒன்றே. தமிழகத்திலிருந்து தொழிலாளர் அத்தோட்டங்களுக்குக் கொண்டுவரப்பட்ட காலமும் அதுவே. பிரசிய நாட்டவரான யோன் நீட்னர் இலங்கையில் காபித் தோட்டக்காரராக இருந்து பூச்சிகளைச் சேகரித்தார். காபிச் செடியின் பகைகளைப் பற்றி 1861-இல் கொழும்பில் நூலும் வெளியிட்டார். அவர் அனுப்பிய வண்டுகள் ஐரோப்பியப் பூச்சியியலாளர் பலரைச் சென்றடைந்தன.

உருசியப் படை அதிகாரியான விக்தர் மொச்சுல்ஸ்கி 1857, 1858 ஆண்டுகளில் வெளியிட்ட பட்டியல்களில் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் உரிய ரோவ் வண்டுகள் விவரிக்கப்பட்டன. நுவரெலியா மலைகள் அவற்றில் ‘நூரா எல்லியா’ என இடம்பெற்றன. இலண்டனில் பிரான்சிஸ் வாக்கர் 1858 முதல் இலங்கைப் பூச்சிகளைச் சுருக்கமான குறிப்புகளால் விவரித்து வந்தார். பெர்லினில் குஸ்தாவ் கிராட்ஸ் 1859-இல் கிழக்கிந்தியாவின், குறிப்பாக இலங்கைத் தீவின் ரோவ் வண்டுகள் பற்றி விரிவான ஆய்வை வெளியிட்டார். மூன்றாண்டுகளுக்குள் மூன்று நகரங்களில் மூவர் ஒரே தீவின் வண்டுகளுக்குப் பெயரிட்டமை பின்வந்தோருக்குப் பெருஞ்சிக்கலாயிற்று. ஒரே சிற்றினத்துக்கு இரு பெயர்கள் அமைந்தால் முந்தையதே செல்லும் என்பது விதி. எது முந்தையது என்பதை அறிய வெளியீட்டு நாளையும், இரு பெயரும் ஒரே உயிரைக் குறிக்கின்றனவா என்பதை அறிய மூல வண்டையும் பார்த்தாக வேண்டும்.

யப்பானிய வண்டுகளைச் சேகரித்துப் புகழ்பெற்ற ஜோர்ஜ் லூயிஸ் 1881-82-இல் இலங்கை மலைநாட்டில் சேகரித்தார். அவருடைய சேகரிப்பின் சீட்டுகள் முன்னோருடையவற்றினின்றும் வேறுபட்டவை. டிக்கோயாவில் 3,800 முதல் 4,200 அடி வரை, பொகவந்தலாவையில் 4,900 முதல் 5,200 அடி வரை என உயர எல்லையும், தங்கிச் சேகரித்த நாள்களும் அவற்றில் உள்ளன. காபியை இலைத்துரு நோய் 1869 முதல் அழிக்கத் தொடங்கி, தேயிலை அதன் இடத்தைப் பற்றிக்கொண்டிருந்த ஆண்டுகள் அவை. ஆகவே லூயிஸின் சீட்டு, இன்று தேயிலையாகவே அறியப்படும் ஊர்களில் அன்று எந்த உயரத்தில் எவ்வண்டு வாழ்ந்தது என்பதற்கு நாளிட்ட சான்றாகும். மலையக வரலாற்றை எழுதுவோருக்குத் தோட்டப் பதிவேடு எவ்வளவு பயனுடையதோ, மலையகத்தின் இயற்கை வரலாற்றை எழுதுவோருக்கு இது அவ்வளவு பயனுடையது.

4. குரோய்டனில் ஒரு நிலவரைபடம்

லூயிஸ் மலைநாட்டில் சேகரித்த காலத்தை ஒட்டி, அல்பிரட் ரஸ்ஸல் வாலஸ் குரோய்டனில் வாழ்ந்தார். 1878-இல் அங்குக் குடியேறி 1881 வரை இருந்தார். தென் குரோய்டன் புனித பேதுரு வீதியில் அவர் வாழ்ந்த வீட்டில் நினைவுத் தகடு பதிக்கப்பட்டுள்ளது. மலாயத் தீவுக்கூட்டத்தில் 1854 முதல் 1862 வரை அவர் சேகரித்த 1,25,660 மாதிரிகளுள் 83,200 வண்டுகளாகும். இயற்கைத் தேர்வுக் கொள்கையை டார்வினோடு ஒருங்கே வெளியிட்ட பெரியார் குரோய்டனில் வாழ்ந்தபோது நிலையான வருமானமின்றியே இருந்தார். டார்வின் முதலியோரின் முயற்சியால் 1881-இல்தான் ஆண்டுக்கு 200 பவுண் அரச ஓய்வூதியம் அவருக்குக் கிடைத்தது. தீவுகளின் உயிர்கள் பற்றிய அவருடைய பெருநூல் 1880-இல், அவர் குரோய்டனில் வாழ்ந்தபோதே வெளிவந்தது.

வாலஸ் தென்னிந்தியாவின் ரோவ் வண்டுகளை விவரித்தவர் அல்லர். ஆயினும் அவரின்றி இவ்வரலாறு முழுமை பெறாது. 1876-இல் வெளியிட்ட விலங்குப் பரவல் பற்றிய நூலில் அவர் கீழைப் பகுதியை நான்கு உட்பகுதிகளாக வகுத்தபோது, இலங்கையையும் தென்னிந்தியாவையும் ஒரே உட்பகுதியாக இணைத்தார். பாக்கு நீரிணையின் இருபுறமும் உள்ள உயிர்களை ஒருசேர நோக்க வேண்டும் என்பது அதன் பொருள். இன்று மேற்குத் தொடர்ச்சி மலையும் இலங்கையும் ஒரே பல்லுயிர் வளப் பகுதியாகக் கருதப்படுவது அந்நோக்கின் தொடர்ச்சி. 2004-இல் வெளியான மரபணு ஆய்வொன்று அதற்கு ஒரு திருத்தமும் தந்தது. பனியுகங்களில் கடல்மட்டம் தாழ்ந்து நிலம் இணைந்திருந்தபோதும், தவளை முதலிய உயிரிகளுள் பல இரு பக்கமும் கலவாமல் தனித்தனியே கிளைத்துள்ளன என்பதை அது காட்டிற்று. எனவே நீலகிரியில் கிடைத்த வண்டைப் ‘புதிது’ என்று சொல்வதற்கு முன் நுவரெலியாவின் வண்டோடு ஒப்பிட வேண்டும். ஒத்திருக்கிறது என்பதால் ஒன்றே எனவும் முடிவு செய்யலாகாது.

குரோய்டனுக்கு வேறொரு பெருமையும் உண்டு. 1870-இல் அங்கு நுண்ணோக்கிக் கழகம் ஒன்று தொடங்கப்பட்டது. பின்னர் இயற்கை வரலாற்று, அறிவியல் கழகமாக விரிந்து இன்றும் அது இயங்குகிறது. தொழில்முறை அறிவியலாளர் அல்லாதார் கூடி, தம் ஊரின் உயிர்களையும் கற்களையும் பழம்பொருள்களையும் பதிவுசெய்யும் மரபு அது. நம் கதையின் பெரும்பாலான மாந்தரும் அத்தகையோரே: தோட்டக்காரர், படைஅதிகாரி, கடற்படை மருத்துவர்.

5. நீலகிரியும் கமரூனின் தொகுதிகளும்

தென் கென்சிங்டனில் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் திறக்கப்பட்டது 1881 ஏப்பிரலில். பேரரசின் சேகரிப்புகள் அங்குக் குவிந்தபோது, அவற்றை நூல்வடிவில் ஒழுங்குசெய்யப் ‘பிரித்தானிய இந்திய விலங்கினம்’ என்னும் தொடர் எழுந்தது. அதில் ரோவ் வண்டுகளை எழுதியவர் மல்கம் கமரூன் (1873-1954). கடற்படை மருத்துவரான அவர் பின்னர் டேராடூனில் வனவியல் ஆராய்ச்சிப் பணியோடு தொடர்புற்று, 1920-களில் இமயமலை அடிவாரங்களில் தாமே சேகரித்தார். அவருடைய தொகுதிகள் 1930, 1931, 1932, 1939 ஆகிய ஆண்டுகளில் வெளிவந்தன. இந்தியா, பர்மா, இலங்கை ஆகிய நாடுகளின் ரோவ் வண்டுகளுக்கு அவையே இன்றும் முதற்கண் நோக்கப்படும் நூல்கள்.

அத்தொகுதிகளில் தென்னிந்தியாவுக்குரிய பதிவுகளில் அடிக்கடி வரும் பெயர் எச். எல். ஆண்ட்ரூஸ். நீலகிரியில் அவர் சேகரித்த வண்டுகள் கமரூனுக்கும் ஆசுத்திரிய நாட்டுச் சட்டப்பதிவாளரான மக்ஸ் பெர்ன்ஹவருக்கும் ஆய்வுப்பொருளாயின. அவர் பெயரால் ‘ஆண்ட்ரூஸி’ என்னும் அடைபெற்ற சிற்றினங்கள் பல. ஆனால் அவருடைய சீட்டுகளில் பெரும்பாலும் காணப்படுவது ‘நீலகிரி மலை’ என்பது மட்டுமே. நீலகிரியின் அடிவாரம் வறண்ட முட்காடு. உச்சியான தொட்டபெட்டா 2,637 மீற்றர். இடையில் ஈரக்காடு, புல்வெளி, சோலை, தேயிலை, யூக்கலிப்டஸ் தோப்பு எனப் பல நிலங்கள். ‘நீலகிரி மலை’ என்னும் இரு சொற்கள் அவ்வண்டு இவற்றுள் எதில் வாழ்ந்தது என்பதைக் காட்டமாட்டா. சோலையின் தனியுயிரா, மனிதன் குடியேறிய இடமெங்கும் பரவும் உயிரா என்பதைப் பிரித்தறிய இயலாமற் போகிறது. லூயிஸின் சீட்டோடு இதனை ஒப்பிட்டால், நாற்பது எழுத்துகள் மிகுதியாக எழுதுவதன் அருமை விளங்கும்.

கமரூன் காலத்து விவரணைகளின் மற்றொரு வரம்பு உடற்கூறு சார்ந்தது. அவை பெரும்பாலும் நிறம், பளபளப்பு, தலையின் அகலம், உறைச்சிறகின் நீளம், மேற்பரப்பின் புள்ளிக்குழிகள் ஆகிய புறத்தோற்றங்களையே சார்ந்தன. ஒன்றையொன்று பெரிதும் ஒத்த சருகுவாழ் சிற்றினங்களை ஆண்வண்டின் இனப்பெருக்க உறுப்பின் வடிவத்தால்தான் பல வேளைகளில் பிரித்தறிய முடியும். அவ்வுறுப்பின் ஒப்பீட்டு அமைப்பைப் பற்றி டேவிட் சார்ப்பும் பிரெடரிக் மியூரும் 1912-இலேயே எழுதினர். எனினும் அது எல்லா ஆய்வாளரின் அன்றாட வழக்காக மேலும் பல பத்தாண்டுகள் ஆயின. ஆகவே 1930-களின் ஒரு பெயர் உண்மையில் எந்த உயிரைக் குறிக்கிறது என்பதை நூலை மட்டும் படித்து அறிய இயலாத நிலை பலமுறை நேர்கிறது. இலண்டனுக்குச் சென்று அந்த வண்டையே பார்க்க வேண்டியதாகிறது.

6. மூலமாதிரியும் மூலப்படியும்

இங்கு ஏட்டுச்சுவடிப் பதிப்போடு ஓர் ஒப்பீடு பொருந்தும். வாலஸ் குரோய்டனை விட்டுச்சென்ற 1881-இல்தான் சி. வை. தாமோதரம்பிள்ளை வீரசோழியத்தைப் பதிப்பித்தார், உ. வே. சாமிநாதையரின் சீவகசிந்தாமணிப் பதிப்பு 1887-இல் வந்தது. இருவரும் ஊர்தோறும் சிதறிய ஏடுகளைத் திரட்டி, பாடங்களை ஒப்பிட்டு, எந்தப் பாடம் எந்தப் படியில் உள்ளது என்று காட்ட வேண்டியிருந்தது. வண்டியலாரின் வேலையும் அத்தகையதே. ஒரு சிற்றினப் பெயரின் பொருளை நிலைநிறுத்துவது மூலமாதிரி என்னும் ஒற்றை வண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டினர் பலர் ஒன்றைச் சுட்டாமல் பல வண்டுகளைக் கொண்டு பெயரிட்டனர். பின்வரும் ஆய்வாளர் அவற்றுள் ஒன்றைத் தேர்ந்து, அதனைத் தேர்வுமாதிரியாக அச்சில் அறிவிக்க வேண்டும். சில வேளைகளில் அந்தப் பலவும் ஒரே சிற்றினம் அல்ல என்பது அப்போதுதான் வெளிப்படும்.

ஒப்பீட்டின் எல்லையையும் காண வேண்டும். பதிப்பாசிரியர் பல படிகளின் வழியே ஆசிரியனின் சொல்லை நெருங்க முயல்கிறார். மூலமாதிரியோ சிற்றினத்தின் சிறந்த வடிவமும் அன்று, சராசரி வடிவமும் அன்று. அது பெயரைத் தாங்கி நிற்கும் ஒரு நங்கூரம் மட்டுமே. கால் உடைந்த, நிறம் மங்கிய வண்டாயினும் அதன் உரிமை குறையாது.

அந்த நங்கூரங்கள் இன்று இருக்கும் இடங்களை எண்ணிப் பார்ப்போம். மொச்சுல்ஸ்கியின் சேகரிப்பு மாஸ்கோப் பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில். கிராட்ஸின் சேகரிப்பு ஜேர்மனியின் முன்ஷெபெர்க்கில். வாக்கர், கமரூன் ஆகியோருடையவை இலண்டனில். பெர்ன்ஹவருடையது அமெரிக்காவின் சிக்காகோவில். பிரெஞ்சு அறிஞர் ஃபோவெலின் சேகரிப்பு பிரஸ்ஸல்ஸில். கோயம்புத்தூரிலோ பேராதனையிலோ பயிலும் ஒரு மாணவர், தம் மலையிற் கிடைத்த ஒரு சருகு வண்டைப் புதிது என உறுதிசெய்ய, இத்தனை நாடுகளின் இழுப்பறைகளைத் திறக்க வேண்டும். வண்டு இங்கே, பெயர் அங்கே. இந்த இடைவெளியே நம் மலைகளின் சருகுவாழ் உயிர்கள் மெல்லவே அறியப்பட்டு வருவதற்கு முதன்மையான காரணங்களுள் ஒன்று.

சேகரிப்புகள் தரும் நம்பிக்கையும் உண்டு. டார்வின் 1832-இல் ஆர்ஜென்டினாவின் பாகியா பிளாங்காவில் பிடித்த ரோவ் வண்டொன்று இலண்டன் அருங்காட்சியகத்திலிருந்து ஆய்வுக்கு இரவல் பெறப்பட்டு, 2014-இல் ‘டார்வினிலஸ் செடரிசி’ எனப் புதுப் பேரினமாகவும் புதுச் சிற்றினமாகவும் பெயர் பெற்றது. இடையிற் கழிந்தவை 182 ஆண்டுகள். ஒரு புதுச் சிற்றினம் சேகரிக்கப்படுவதற்கும் விவரிக்கப்படுவதற்கும் இடையே சராசரியாக 21 ஆண்டுகள் கழிகின்றன என 2012-இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. அச்சிடப்படாத சுவடிக்கும் விவரிக்கப்படாத வண்டுக்கும் நிலை ஒன்றே. பாதுகாக்கப்பட்டால் பின்னொரு நாள் பேசும்.

7. சல்லடையும் சாறுபிழியாத சருகும்

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆய்வின் வேகத்தை மாற்றியது ஒரு கருவி. சருகை அள்ளிச் சல்லடைப் பையில் இட்டு உலுக்கினால் பெரிய இலைகள் மேலே தங்க, நுண்துகளும் சிற்றுயிரும் கீழே விழும். அத்துகளை வலைப்பைகளில் இட்டுத் துணிக்கூட்டுக்குள் தொங்கவிட்டால், காய்தலுக்கு அஞ்சிய உயிர்கள் கீழிறங்கி, அடியிலுள்ள மதுசாரக் குப்பியில் விழுந்துவிடும். இத்தாலியரான பெர்லேசே 1905-இல் விவரித்த புனல் முறையும் இவ்வடிப்படையில் எழுந்ததே. கையால் பொறுக்கியவர் கண்ணுக்குத் தப்பிய இரண்டு மில்லிமீற்றர் வண்டுகள் இம்முறையில் நூற்றுக்கணக்கிற் கிடைத்தன.

சுவிற்சர்லாந்தின் ஜெனீவா இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தைச் சேர்ந்த குளோட் பெசுஷே, இவான் லோபில் ஆகியோர் 1970-இல் இலங்கையிலும் 1972-இல் தென்னிந்தியாவிலும் இவ்வாறு சேகரித்தனர். ஆனைமலை, பழனிமலை, நீலகிரி முதலிய மலைகளின் சருகு அப்பயணத்தில் சலிக்கப்பட்டது. லோபில் காளானுண்ணும் ஸ்காபிடீனே பிரிவை ஆராய்ந்து இலங்கையினவற்றை 1971-இலும் தென்னிந்தியாவினவற்றை 1979-இலும் வெளியிட்டார். அன்று தனிக் குடும்பமாகக் கருதப்பட்ட அப்பிரிவு இன்று ரோவ் வண்டுக் குடும்பத்தின் உட்குடும்பமாகிவிட்டது. இதனால் மூலமாதிரிகளின் பட்டியலில் ஜெனீவாவும் சேர்ந்தது. ஆயினும் ஒரு வேறுபாடு கருதத்தக்கது. இச்சேகரிப்பின் சீட்டுகளில் ஊர், மீற்றர் அளவில் உயரம், நாள் என்பன ஒழுங்காக உள்ளன. அவ்விடத்துக்கு மீண்டும் சென்று அதே சருகைத் தேட முடியும்.

சீட்டு சொல்லாத ஒன்றும் உண்டு. வாலஸ் தம் மலாய உதவியாளர் அலியை நூலில் பெயர்சொல்லிப் போற்றினார். நம் மலைகளின் சீட்டுகளிலோ சேகரிப்பு உரிமையாளரின் பெயர் மட்டுமே நிற்கிறது. வழிகாட்டியோர், சுமந்தோர், சருகைச் சலித்தோர் ஆகியோருக்கு அதில் இடமில்லை. ‘ஆண்ட்ரூஸி’ என்னும் அடைமொழி பல வண்டுகளில் நிலைக்க, தோட்டத் தொழிலாளர் ஒருவரின் பெயரும் அவ்வாறு நிலைக்கவில்லை என்பது அக்காலச் சமூக ஒழுங்கின் பதிவேயாகும். கல்வெட்டில் கொடையாளியின் பெயர் நிற்க, கல்தச்சன் பெயர் பெரும்பாலும் மறைவதை அறிந்த தமிழ் ஆய்வாளருக்கு இம்மௌனத்தைப் படிக்கும் முறை புதிதன்று.

8. தமிழில் விவரிக்க இயலுமா?

இவ்வினாவுக்குச் சட்டப்படியான விடை வியப்பளிப்பது. விலங்கியற் பெயரீட்டின் பன்னாட்டு விதித்தொகுப்பின் நான்காம் பதிப்பு 2000 சனவரி 1 முதல் நடைமுறையில் உள்ளது. பெயர் இலத்தீன் நெடுங்கணக்கின் 26 எழுத்துகளால் அமைய வேண்டும்; 1999-க்குப் பின் விவரிக்கப்படும் சிற்றினத்துக்கு மூலமாதிரி வெளிப்படையாகச் சுட்டப்பட வேண்டும்; அது வைக்கப்படும் சேகரிப்பும் கூறப்பட வேண்டும். ஆனால் விவரணை எந்த மொழியில் அமைய வேண்டும் என்று அது கட்டளையிடவில்லை. உலகளவில் விலங்கியலார் பயன்படுத்தும் மொழியில் வேறறி குறிப்பு இருப்பது நன்று என்று பரிந்துரைப்பதோடு நிற்கிறது. தாவரவியலில் 2011 வரை இலத்தீன் விவரணை கட்டாயமாக இருந்ததுபோல் விலங்கியலில் இல்லை. எனவே தமிழில் எழுதப்பட்ட விவரணையும் செல்லுபடியாகும்.

தமிழ் அதற்கு ஆற்றலுடையதா என்பது அடுத்த வினா. சருகுவாழ் ரோவ் வண்டொன்றின் விவரணையில் வரும் கூற்றுகள் இத்தகையவை: உடல் பழுப்பு, வயிற்றின் நுனி கருமை, தலை அகலத்தினும் நீளம் மிக்கது, புள்ளிக்குழிகள் நெருங்கியவை, நுண்ணியவை, உறைச்சிறகு முன்மார்பினும் குட்டையானது, பின்சிறகு குன்றியது. இவற்றுள் எதையும் தமிழ் தயங்காமற் சொல்லும். பருமை, நுண்மை, வன்மை, மென்மை எனப் பண்பை நுணுகிப் பகுக்கும் சொற்செல்வம் நம்மிடம் உண்டு. காட்டின் தரையைக் குறிக்கவும் சருகு, மட்கு, எரு என மட்குதலின் படிகளுக்கேற்ற சொற்கள் உள்ளன. தட்டுப்பாடு உடற்பகுதிகளுக்கான ஒருமுகக் கலைச்சொற்களில்தான். தமிழ்நாடும் இலங்கையும் பேரினத்துக்கும் சிற்றினத்துக்குமே வேறுபட்ட சொற்களை வழங்கும்போது, வண்டின் ஒவ்வொரு தகட்டுக்கும் பொதுச்சொல் அமைவது தானாக நிகழாது.

ஒரு தடையுரையையும் எதிர்கொள்ள வேண்டும். தமிழில் மட்டும் எழுதப்பட்ட விவரணை, மாஸ்கோவிலும் சிக்காகோவிலும் உள்ளவரால் படிக்கப்படாமல் போனால், ஒரே வண்டுக்கு மீண்டும் இரு பெயர்கள் தோன்றும். 1858-இன் குழப்பம் திரும்பும். ஆகவே இக்கட்டுரை வேண்டுவது தனித்தமிழ் விவரணை அன்று. ஆங்கில விவரணையோடு முழுமையான தமிழ் விவரணை இணைந்து ஒரே வெளியீட்டில் வருவதையே அது வேண்டுகிறது. பயனும் உணர்ச்சி சார்ந்தது மட்டுமன்று. வால்பாறையிலோ நுவரெலியாவிலோ பள்ளி ஆசிரியர் ஒருவர், தம் சோலைக்கே உரிய உயிரைப் பற்றித் தம் மொழியிற் படிக்க முடியும். காட்டைக் காக்கும் ஊழியர் எதைக் காக்கிறோம் என்று அறிய முடியும்.

சட்டச்சூழலும் மாறியுள்ளது. இந்தியாவின் பல்லுயிர்ப் பெருக்கச் சட்டம் 2002, புதிதாகக் கண்டறியப்படும் உயிரினத்தைக் குறிக்கப்பட்ட காப்பகத்துக்கு அறிவித்து, சான்றுமாதிரியை அங்கே ஒப்படைக்க வேண்டும் என்கிறது. 1916-இல் நிறுவப்பட்ட இந்திய விலங்கியல் ஆய்வகம் அத்தகைய காப்பகம். இனி வரும் நங்கூரங்கள் நாட்டுக்குள்ளேயே நிற்கும். பழையவை வெளிநாடுகளில் இருப்பதால், பழையதையும் புதியதையும் ஒப்பிட இரு தரப்பின் ஒத்துழைப்பு இன்றியமையாதது.

9. முடிவுரை

மேற்கூறியவற்றால் மூன்று முடிவுகள் பெறப்படுகின்றன. முதலாவது, புதுச் சிற்றினத்தை விவரித்தல் என்பது ஒரு மாதிரியையும் ஒரு பெயரையும் ஓர் எழுத்துரையையும் பிணைக்கும் ஆவணச் செயல். அதன் நம்பகம் சீட்டில் எழுதப்படும் ஊர், உயரம், நாள் ஆகியவற்றைப் பொறுத்தது. இரண்டாவது, நீலகிரி, ஆனைமலை, நுவரெலியா முதலிய மலைகளுக்குரிய மூலமாதிரிகள் பல, ஒன்றரை நூற்றாண்டுகளில் ஐரோப்பிய, அமெரிக்க நகரங்கள் பலவற்றில் சிதறின. அவற்றைப் படித்தறிவது தமிழ்நிலத்தின் சூழல் வரலாற்றை எழுதுவதற்கு இன்றியமையாதது. மூன்றாவது, விவரணையைத் தமிழிலும் எழுத விதி தடையன்று. கலைச்சொல் ஒருமைப்பாடும் முயற்சியுமே வேண்டப்படுவன.

குரோய்டன் உள்ளிட்ட இலண்டன் பகுதிகளில் வாழும் தமிழ் ஆய்வாளருக்கு இதில் தனிப்பங்கு உண்டு. தென் கென்சிங்டனின் சீட்டுகளைப் படியெடுத்து, ‘நூரா எல்லியா’ போன்ற வடிவங்களை உரிய ஊரோடு இணைத்து, தமிழ் எழுத்தில் அட்டவணைப்படுத்தும் பணியைப் பூச்சியியல் அறியாத மொழியியலாளரும் வரலாற்றாசிரியரும் தொடங்கலாம். ஊர்ப்பெயர் ஆய்வும் சுவடிப் பதிப்பும் பயின்றவருக்கே அப்பணி எளிது. அவ்வட்டவணை கோயம்புத்தூரிலும் பேராதனையிலும் உள்ள மாணவர் கைக்குச் சென்றால், எந்த மலையின் எந்தச் சோலைக்கு முதலில் சல்லடையோடு செல்ல வேண்டும் என்பதை அவர்கள் முடிவுசெய்ய அது துணைபுரியும்.